வாலாஜாபாத்திற்குப் பெயர் தந்த நவாப்

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் வழியில் உள்ளது வாலாஜாபாத். ராணிப்பேட்டைக்கு அருகே வாலாஜாபேட்டை, சென்னையில் வாலாஜா சாலை. எல்லாம் ஒருவருடைய பெயர்தான். அவர் ஆற்காடு நவாப் முஹம்மது அலி. உயர்ந்த அந்தஸ்து உடையவர் என்ற பொருள் கொண்ட 'வாலாஜா', முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அவருக்கு 1765ல் வழங்கிய பட்டம்.

தந்தை, மகன், அண்ணன், தம்பி என ஒரே குடும்பத்தார் பதவியில் இருப்பதைப் பற்றி இன்று நாம் வீட்டுத் திண்ணையிலும் பேசுகிறோம். அது உள்ளே எப்படிக் கனன்றது என்பதை அறிய இவருடைய வாழ்க்கை போதும்.

தந்தை அன்வருத்தீன் கானை 1744ல் நவாபாக நியமித்தவர் ஹைதராபாத் நிஜாம். முந்தைய நவாப் குடும்பத்தின் மருமகன் சந்தா சாஹிப் அதை ஏற்கவில்லை. 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். மூத்த மகன் மஹ்பூஸ் கான் சிறைப்பட்டார். இளையவர் முஹம்மது அலி திருச்சி கோட்டைக்குத் தப்பினார். சந்தா சாஹிபுக்குப் பிரெஞ்சுக்காரர், இவருக்கு ஆங்கிலேயர் துணை. 1752ல் சந்தா சாஹிபின் தலை துண்டிக்கப்பட்டது.

எதிரி போனார், அண்ணன் திரும்பி வந்தார். மூத்தவர் இருக்க இளையவர் நவாப்! மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் கவனிக்க அனுப்பப்பட்ட மஹ்பூஸ் கான், பூலித்தேவர் முதலிய பாளையக்காரர்களோடு சேர்ந்து தம்பிக்கு எதிராகவே நின்றார். அண்ணனிடம் இல்லாத நம்பிக்கையை நவாப் கம்பெனியிடம் வைத்தார் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

அதற்கு விலை இருந்தது. கம்பெனிப் படையின் செலவு நவாப் தலையில் விழுந்தது. 1763ல் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். வாலாஜாபாத் இருப்பது அந்தச் சீமையில்தான். கொடுத்த நிலத்தையே 1780 வரை குத்தகைக்கு எடுத்து நடத்தினார்! பால் பென்ஃபீல்டு போன்ற ஆங்கிலேயர்கள் வட்டிக்குக் கொடுத்த கடன் பெருகி, 1785ல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் அதைப் பற்றி நீண்ட உரை ஆற்றும் அளவுக்குப் போனது.

அவருடைய நற்பணிகளையும் சொல்ல வேண்டும். லக்னோவின் ஃபிரங்கி மஹல் குடும்பத்து மேதை பஹ்ருல் உலூம் அப்துல் அலீ ஹழ்ரத்தைச் சென்னைக்கு வரவழைத்து ஆதரித்தவர் அவர். திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசல் அந்தக் குடும்பம் தந்தது. ஹழ்ரத் அவர்கள் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள்.

அண்ணன் தம்பிப் பிணக்கு அடுத்த தலைமுறைக்கும் வந்தது. மூத்த மகன் உம்தத்துல் உமராவை விட இளையவர் அமீருல் உமராவிடமே நவாபுக்குப் பிரியம், வாரிசாக்கவும் விரும்பினார். அந்த மகன் 1788ல் முந்திக்கொண்டார். 1795ல் நவாப் வஃபாத்தானபோது மூத்தவரே பட்டத்துக்கு வந்தார். 1801ல் அவரும் இறக்க, அவருடைய மகன் அலீ ஹுசைன் கம்பெனியின் நிபந்தனைகளை ஏற்க மறுத்தார். கம்பெனி உடனே அமீருல் உமராவின் மகன் அஸீமுத்தவ்லாவை அழைத்தது. அவர் கையெழுத்திட்டார். வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு, ஆட்சி முழுவதும் கம்பெனிக்கு.

நவாப் வாலாஜாவின் கப்ர் திருச்சி நத்ஹர் வலி தர்காவில் இருக்கிறது. சந்தா சாஹிபும் அங்கேதான் அடக்கம்.