காஷ்மீரத்துப் பெரிய ராஜா

பனிமலைகளால் சூழப்பெற்ற காஷ்மீரத்தை நம்மில் பலர் ஏரியும் பூந்தோட்டமும் நிறைந்த உல்லாச பூமியாகவே அறிவோம். ஆயின் முற்காலத்தில் அது பல நாடுகள் கூடும் சந்தியாகவும் விளங்கிற்று. கிழக்கே லடாக்கும் திபேத்தும், வடக்கே மத்திய ஆசியாவும், மேற்கே பாரசீகமும், தெற்கே பஞ்சாபும் கணவாய்களின் வழியே அதனோடு உறவு கொண்டிருந்தன. அவ்வுறவுகள் யாவற்றையும் தழைக்கச் செய்தவன் 1420 முதல் 1470 வரை ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன். மக்கள் அவனைப் பட்ஷா, அதாவது பெரிய ராஜா, என்றே அழைத்தனர்.

அவன் தந்தை சிக்கந்தர் காலத்திலும், தமையன் அலி ஷா காலத்திலும் கோயில்கள் இடிக்கப்பட்டன. பிராமணர் பலர் மதம் மாறினர் அல்லது நாடு துறந்தோடினர். அரியணைக்காகத் தமையனோடு பொருது வென்ற இளவரசனுக்குக் கிட்டியது இவ்வாறு பாழ்பட்ட ஒரு நாடேயாகும்.

அக்காலை மன்னனுக்குக் கொடிய நச்சுக்கட்டி ஒன்று தோன்றிற்று. அதனைத் தீர்க்கவல்ல மருத்துவரைத் தேடுவதே அரிதாயிற்று, கற்றவர்தாம் ஓடிப்போயினரே! இறுதியில் சிரிய பட்டர் என்பார் அகப்பட்டார். அவர் நோயைத் தீர்த்தார். மன்னன் பொன்னும் பொருளும் நல்க முன்வந்தான். பட்டர் தமக்கென ஒன்றும் வேண்டாது, தம் இனத்தார் துயர் நீங்குதலையே வேண்டினர். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்துள்ள நாம் இவ்விடத்தைச் சற்று நின்று படித்தல் தகும். மன்னன் தலைவரியைப் பெரிதும் குறைத்தான். ஓடியவரைத் திரும்ப அழைத்தான். கோயில்களைப் புதுக்க இசைந்தான். திரும்பியோருள் பலர் பாரசீகம் பயின்று அரசாங்கக் கணக்கராயினர். அவர்க்குக் கார்க்குன் என்று பெயர். குமாஸ்தா உத்தியோகத்தின் பெருமையை நாமேனும் சொல்லிக்கொள்ள வேண்டாமா!

ஸமர்கண்டு முதலிய இடங்களிலிருந்து கைவினைஞரை வரவழைத்துக் காகிதம் செய்தல், நூல் கட்டுதல் முதலிய தொழில்களை அவன் நிலைநாட்டினான் என்பர். நம் முன்னோர் பனையோலையில் எழுதியதுபோல் காஷ்மீரத்தார் பூர்ஜ மரப்பட்டையில் எழுதி வந்தவர். பின்னர்க் காஷ்மீரக் காகிதம் வடநாடெங்கும் மதிப்புப் பெற்றது. மகாபாரதமும் ராஜதரங்கிணியும் அவன் ஆணையால் பாரசீகத்தில் பெயர்க்கப்பட்டன. ஜோனராஜரைக் கொண்டு ராஜதரங்கிணியின் தொடர்ச்சியை வடமொழியில் எழுதுவித்தான்.

வாய்க்கால்கள் வெட்டினான், ஸ்ரீநகரில் ஜீலம் நதிமேல் ஜைனக் கடல் என்னும் பாலத்தை அமைத்தான். கடல் என்பது அவர் மொழியில் பாலத்தைக் குறிக்கும், நம்மவர் மயங்கற்க. புயலில் ஓடங்கள் கவிழும் உலர் ஏரியின் நடுவே கல்லிட்டுத் தீவு ஒன்றும் எழுப்பினான்.

முதுமை அவனுக்கு இனிதாயில்லை. ஆதம் கான், ஹாஜி கான், பஹ்ராம் கான் என்னும் மூன்று புதல்வரும் தம்முட் பகைத்தனர். தந்தையை எதிர்த்துப் படை திரட்டவும் துணிந்தனர். மனம் நொந்த மன்னன் அவைப் புலவர் ஸ்ரீவரரிடம் வாசிஷ்ட நூலைப் படிக்கச் சொல்லிக் கேட்டு ஆறுதல் பெற்றான். 1470-இல் உயிர் நீத்தான். பின் ஹாஜி கான் அரசேறினான்.

ஸ்ரீநகரில் ஜீலம் கரையருகே, பழைய கோயில் ஒன்றின் கல் அடித்தளத்தின் மீது, பாரசீகப் பாணியில் ஐந்து செங்கற் குவிமாடங்களோடு ஒரு கல்லறை நிற்கிறது. அது மன்னன் தன் அன்னைக்கு எழுப்பியது. அதன் அருகிலேயே அவனும் அடக்கம் செய்யப்பட்டுள்ளான்.