டிகிரி வாங்காமல் போன ஒரு மாணவர்

மாணவர்களுக்கு வழிகாட்டுகிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, அதற்கு எனக்கென்ன தகுதி என்றுதான் முதலில் தோன்றியது. நம் கல்லூரியில் மூன்று வருஷம் கணக்குப் படித்தேன். அதில் ஒரு பேப்பரை இரண்டு தடவை எழுதினேன். பிறகு வங்கியில் சேர்ந்து முப்பத்து நான்கு வருஷம் அடுத்தவர் கணக்கைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். இதில் வழிகாட்ட என்ன இருக்கிறது? ஆகவே என் கதை கிடக்கட்டும். என்னைப் போலவே கணக்குப் படித்து, என்னைவிட மோசமாகப் பரீட்சையைக் கோட்டை விட்ட ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். நம்மில் பலருக்கு அவர் பெயர் தெரியும். அதற்கு மேல் அதிகம் தெரியாது. அவர்தான் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர்ப் பக்கம் இருக்கிற வெள்ளாளன்விளையில் 1874 ஆகஸ்ட் 17 அன்று பிறந்தவர். தேரிக்காடும் பனைமரமுமான ஊர். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் குருவானவர், தாயார் எலன். ஆண் பிள்ளை வேண்டுமென்று நெடுநாள் ஜெபித்துப் பெற்ற பிள்ளை என்பதால், வேதாகமத்தில் அன்னாள் தன் மகனுக்கு வைத்த சாமுவேல் என்ற பெயரையே இவருக்கும் வைத்தார்கள். பள்ளிப் பருவத்திலேயே தகப்பனார் காலமாகிவிட்டார். தாயார் கண்டிப்பானவர். மெஞ்ஞானபுரத்தில் விடுதியில் தங்கிப் படிப்பு. பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, 1937-ல்தான் அங்கே போயிற்று. இவர் படித்த காலத்தில் எஸ்பிளனேடில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. வில்லியம் மில்லர் முதல்வராக இருந்த பொற்காலம் அது.

கணக்குப் பாடம் எடுத்துப் படித்தவர், இறுதிப் பரீட்சை சமயத்தில் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டார். பரீட்சை போயிற்று. மறுபடி எழுதியிருக்கலாம்தானே? எழுதவேயில்லை. அந்தக் காலத்தில் பி.ஏ. பட்டம் என்றால் சாதாரணமா? தாசில்தார் உத்தியோகம் வரை போகலாம். ஏன் எழுதாமல் விட்டார் என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். அதற்குள் அவர் மனசு வேறு பக்கம் போய்விட்டது என்றுதான் படுகிறது. 1895-ல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராகச் சேர்ந்துவிட்டார். (பின்னாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அரியர் வைத்திருக்கும் தம்பிகள் இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வேறு கதை.)

ஒய்.எம்.சி.ஏ. என்றால் இன்று நமக்கு விளையாட்டு மைதானமும் தங்கும் விடுதியும்தான் ஞாபகம் வரும். 1844-ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற ஜவுளிக்கடைப் பையன், தன்னைப் போல் பட்டணத்துக்குப் பிழைக்க வந்த வாலிபர்கள் கெட்டுப் போகாமல் கூடி ஜெபிக்கவும் வேதம் வாசிக்கவும் ஆரம்பித்த சங்கம் அது. அசரியா அதில் 1909 வரை பதினான்கு வருஷம் உழைத்தார். ஊர் ஊராகப் போய் வாலிபர்களைச் சந்திப்பதும், அவர்களோடு உட்கார்ந்து வேதாகமத்தைப் படிப்பதும்தான் வேலை. 1896-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எட்டி இவருக்கு உயிர் நண்பரானார். ஒரு வெள்ளைக்காரரும் ஒரு கிராமத்துத் தமிழரும் சமமாகப் பழகியது அன்றைக்கு அதிசயம். அந்த நட்பின் முக்கியத்துவம் பின்னால் தெரியும்.

நம்மவர்களுக்கு வேத வசனம் மனப்பாடம். ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்காத பிள்ளை கிடையாது. ஆனால் அந்த வசனம் சட்டைப்பைக்குள் வராது, கல்யாணப் பந்தலுக்குள் வரவே வராது. அசரியாவிடம் நான் கண்ட வித்தியாசம் இதுதான். இரண்டாயிரம், மூவாயிரம் வருஷத்துக்கு முன் எழுதினதைத் தன் வீட்டு வரவு செலவிலே கொண்டுவந்து வைத்துப் பார்த்தவர் அவர்.

1898-ல் அவருக்குக் கல்யாணம். மணமகள் அன்பு மரியம்மாள். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முதன்முதலாகக் கல்லூரிப் படிப்புப் படித்தவர்களில் ஒருவர். வரதட்சணை வேண்டாம் என்று சொல்லி, ஆடம்பரமில்லாமல் கல்யாணத்தை முடித்தார் அசரியா. அது 1898. சட்டம் கிடையாது, ஊரில் ஒருவரும் கேட்கப் போவதில்லை. நமக்கு 1961-லிருந்து சட்டமே இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் யோக்கியனல்ல. 1984-ல் எனக்குக் கல்யாணம் நடந்தபோது நகையும் ரொக்கமும் பேசித்தான் நடந்தது. நான் வாய் திறந்து கேட்கவில்லை, வீட்டில் பெரியவர்கள் பேசினார்கள். வேண்டாம் என்று சொல்லவும் நான் வாய் திறக்கவில்லை. என் மாமனார் வயலை ஒத்திக்கு வைத்துத்தான் அந்த ரொக்கத்தைக் கொடுத்தார் என்று எனக்கு நாலு வருஷம் கழித்துத் தெரிய வந்தது. அப்போது நான் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்து, ஒத்தி வைத்த நிலத்தின் பத்திரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்! வயலை மீட்டுக் கொடுத்தோம், அது வேறு. ஆனால் அசரியாவின் வாழ்க்கையை முதன்முதலில் படித்தபோது இந்தக் கல்யாணப் பக்கத்தைத் தாண்டிப் போக எனக்கு ரொம்ப நேரமாயிற்று.

1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் காசைச் சேர்த்து வெளியூருக்கு ஓர் ஊழியரை அனுப்பித் தாங்கிவருவதைப் பார்த்தார். அவருக்குச் சுருக்கென்றது. திருநெல்வேலித் திருச்சபைக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசு. இன்னும் கையேந்திக்கொண்டிருக்கிறோமே, நாம் யாருக்கு என்ன கொடுத்தோம் என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம். ஆளும் நம்மவர், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது. இரண்டு வருஷம் கழித்து, 1905 கிறிஸ்துமஸ் அன்று, வங்காளத்தில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோதும் அதில் முன்னின்றவர்களில் இவர் ஒருவர்.

திருநெல்வேலியிலிருந்து ஆள் அனுப்பியது தோர்ணக்கலுக்கு. இன்று தெலங்கானா, அன்று நிஜாம் சமஸ்தானம். அடுத்தவர்களை அனுப்பிவிட்டு இவர் சென்னையில் இருந்திருக்கலாம். நல்ல பதவி, வெளிநாட்டுப் பயணம், படித்தவர்கள் சகவாசம் எல்லாம் இருந்தது. ஆனால் மற்ற வாலிபர்களைப் போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் போகாமலிருக்கலாமா என்ற உறுத்தல் விடவில்லை. 1909-ல் குருப்பட்டம் பெற்று, மனைவி மக்களோடு கிளம்பிவிட்டார். வயசு முப்பத்தைந்து. அங்கே வீடில்லை, கூடாரத்தில் வாசம். தெலுங்கு பாஷையை அரிச்சுவடியிலிருந்து படித்தார். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார்.

மறு வருஷம், 1910 ஜூன் மாதம், ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு. கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர், அமெரிக்கர். அவர்கள் முன்னால் எழுந்து நின்று அசரியா பேசினார். வெள்ளைக்கார மிஷனெரிகள் இந்திய ஊழியர்களிடம் எஜமானர்களாக நடந்துகொள்கிறார்கள், பல வருஷம் சேர்ந்து உழைத்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பதைப் போட்டு உடைத்தார். அதற்கு அவர் எடுத்தது அரசியல் வாதத்தை அல்ல. பவுல் கொரிந்து சபைக்கு எழுதின, அன்பைப் பற்றிய அந்தப் பழைய அதிகாரத்தை எடுத்தார். தர்மம் செய்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அதற்கெல்லாம் நன்றி என்று ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்குத் தேவைப்படுவது நண்பர்கள் என்று முடித்தார். அரங்கத்தில் பலருக்குக் கோபம். சிலருக்குத் தலைகுனிவு. வெள்ளைக்காரர் நட்புக்குத் தகுதியில்லாதவர் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எட்டியோடு பழகி, நட்பு எப்படியிருக்கும் என்று ருசி கண்டவர் ஆதலால்தான், மற்றவர்களிடம் அதைக் கேட்க முடிந்தது.

1912 டிசம்பர் 29, கல்கத்தா பரிசுத்த பவுல் பேராலயத்தில் தோர்ணக்கலின் முதல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் தடவை. சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் துணை நின்றார். எதிர்ப்பு வெள்ளைக்காரர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. நம்மவர்களிலும் ஒரு சாரார், ஓர் இந்தியரின் கீழே இருப்பதா என்று முனகினார்கள். சும்மா சொல்லக் கூடாது, இந்த விஷயத்தில் நமக்கு நாமே நிகர்.

அங்கே சபையில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். நிலமில்லாத கூலிகள். அந்தக் கிராமங்களின் எதிரிகள் என்று அசரியா கண்டவை அழுக்கு, நோய், கடன், குடி. வங்கிக்காரன் ஆனதால் மூன்றாவதில்தான் என் கண் நிற்கிறது. கடன் பட்டவன் கடன் கொடுத்தவனிடம் அடிமைப்பட்டுக் கிடப்பான் என்பது நீதிமொழிகளில் வரும் செய்தி. ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழசு. அந்தக் கூலிகளுக்கு அது உவமை அல்ல, நிஜம். ஒரு கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கின கடனுக்காக ஆயுசு முழுக்க உழைப்பதைக் கொடுக்க வேண்டியதுதான். நான் வேலை பார்த்த காலத்தில் நகைக் கடன் வரிசையில் நின்றவர்களையும், இப்போது செல்போனுக்கும் பைக்குக்கும் தவணை கட்டத் திணறி, போனிலேயே இன்னொரு கடன் எடுக்கிற பிள்ளைகளையும் பார்க்கிறேன். வட்டிக்காரன் முகம்தான் மாறியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஏழைகளிடம்போய் அசரியா காணிக்கை கேட்டார் என்பதுதான் எனக்கு ஆரம்பத்தில் பிடிக்காத விஷயம். இல்லாதவனிடம் கேட்கலாமா? அங்கே பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள், அது ஆலயத்துக்கு வந்துவிடும். இரண்டு காசு போட்ட விதவையின் கதை அது. கொடுப்பதைப் பற்றி அவர் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். யோசிக்க யோசிக்க எனக்குப் புரிந்தது, வாங்கியே பழகினவனை நிமிர வைக்கிற வழி அவன் கையாலே கொடுக்க வைப்பது என்று. எடின்பரோவில் வெள்ளைக்காரரிடம் கேட்டதும், தோர்ணக்கலில் கூலிக்காரரிடம் கேட்டதும் ஒரே விஷயம்தான். கொடுக்கிறவன் ஒருத்தன், வாங்குகிறவன் ஒருத்தன் என்று பிரிந்து கிடந்தால் சிநேகம் வராது.

எல்லாவற்றிலும் எல்லோரும் அவரை ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. மதமாற்றத்தைப் பற்றி 1930-களில் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கடுமையான கருத்து வேற்றுமை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் விவரமறியாமல் இழுக்கப்படுகிறார்கள் என்பது காந்தியின் கவலை. அவர்களுக்கும் சொந்த புத்தி உண்டு, தேர்ந்துகொள்ளும் உரிமையும் உண்டு என்பது இவர் பதில். அதே அசரியாதான், 1932-ல் வந்த கம்யூனல் அவார்டு கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி கொடுத்தபோது அது வேண்டாம் என்று எதிர்த்தார். இரண்டு பக்கமும் கெட்ட பெயர் வாங்கத் துணிந்தவர். இதில் யார் கட்சி சரி என்று இன்றைக்கும் நம் விடுதி அறைகளில் வாதம் நடக்கலாம், நடக்கட்டும்.

1919-ல் தரங்கம்பாடியில் கூடி, பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்க வேண்டும் என்று ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்றுதான் பிறந்தது. அவர் 1945 ஜனவரி 1 அன்றே காலமாகிவிட்டார். மூன்று வருஷம்கூட இல்லை. பரீட்சையைப் போலவே இதிலும் கடைசிப் பேப்பரை எழுத முடியாமல் போயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை நானும் என் மனைவியும் ரயிலில் வடக்கே போகிற வழியில் தோர்ணக்கலில் இறங்கினோம். 1939-ல் பிரதிஷ்டை செய்த பேராலயம் இருக்கிறது. கோயில் மண்டபம் மாதிரி தூண்கள், பள்ளிவாசல் மாதிரி கும்மட்டமும் மினாரும். இந்த ஊர் மண்ணிலே முளைத்தது மாதிரி இருக்க வேண்டுமென்று கட்டியிருக்கிறார்கள். அசரியாவின் கல்லறைக்கு முன் நின்று, அவருடைய கல்யாணக் கதையை என் மனைவியிடம் சொன்னேன். அதுவரை சொன்னதில்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. ஸ்டேஷனுக்குத் திரும்பி நடக்கும்போது, நம் பேரனுக்குப் பெண் பார்க்கிற காலம் வரும்போது இதை அவனிடமும் சொல்லிவிடுங்கள், பெரியவர்கள் பேசி முடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள் என்றாள். அவன் இப்போது நம் கல்லூரியில்தான் இரண்டாம் வருஷம் படிக்கிறான். இந்த மலர் அவன் கைக்கும் வரும்.