அளக்க இயலாத புரதத்தைக் கண்டறிந்த அலிக் ஐசக்ஸ்

பெங்களூரு, ஜன. 26: மறைந்திருக்கும் காசநோய்த் தொற்றைக் கண்டறிய, பெங்களூரு ஆய்வகங்களில் ரத்தத்திலுள்ள இன்டர்ஃபெரான்-காமா ‘எலிசா’ முறையில் அளவிடப்படுகிறது. இந்தப் புரதக் குடும்பத்தை உலகுக்கு அறிமுகப்படுத்திய அலிக் ஐசக்ஸோ, அதை நேரடியாக அளவிடும் வாய்ப்பின்றியே மறைந்தார். இன்று அவரது நினைவு நாள்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1921-ஆம் ஆண்டு பிறந்த ஐசக்ஸ், மருத்துவம் பயின்று இன்ஃப்ளூயன்சா ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1957-இல் லண்டனிலுள்ள தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜீன் லிண்டன்மேனுடன் இணைந்து, கோழிக் கருச் சவ்வில் செயலிழந்த வைரஸைச் செலுத்தி ஆராய்ந்தார். அதிலிருந்து வெளியான திரவம், புதிய சவ்வுகளையும் வைரஸிடமிருந்து காத்தது. அதற்குக் காரணமான பொருளுக்கு இருவரும் இன்டர்ஃபெரான் எனப் பெயரிட்டனர்.

ஆனால், அதைத் தூய வடிவில் பிரித்தெடுக்க இயலவில்லை. வைரஸ் பெருக்கம் எந்த அளவு தடைபடுகிறது என்பதைக் கொண்டே அதன் அளவு மதிப்பிடப்பட்டது. அப்படியொரு பொருள் உண்டா என்றே சில விஞ்ஞானிகள் ஐயுற்றனர். மனச்சோர்வாலும் மூளை ரத்தக்கசிவாலும் அவதியுற்ற ஐசக்ஸ், 1967 ஜனவரி 26-இல் தமது 45-ஆவது வயதில் காலமானார்.

எதிர்ப்பொருளின் துணையுடன் புரதத்தை அளவிடும் எலிசா முறை 1971-இல் வெளியானது. அதன் பின்னரே தூய இன்டர்ஃபெரான் கிடைத்தது. ஐசக்ஸ் விளைவைக் கொண்டு மட்டுமே உணர்ந்த பொருள், இன்று ஆய்வக அறிக்கையில் ஓர் எண்ணாகப் பதிவாகிறது.