கடமையிற் களிப்புக் கண்ட காசிச்செட்டி

எங்கள் ஆலங்குடாவுக்கு அயலதாகிய கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. இளமையிலேயே அரசாங்க மொழிபெயர்ப்பாளராய் அமர்ந்தார். ஆங்கிலேயர் ஆட்சியிலே சுதேசிகளுக்கு வாய்த்தவை பெரும்பாலும் சிறு பதவிகளே. பிறர் கூற்றை நாள்தோறும் மொழிபெயர்க்கும் தொழில் எவருக்கும் சலிப்பூட்டக்கூடியது. காசிச்செட்டியாரோ அத்தொழிலையே கல்விக்கூடமாக்கினார்.

புத்தளத்து மணியகாரராய் உயர்ந்த பின்னர், அலுவல்களுக்கிடையே இலங்கையின் ஊர், ஆறு, துறைமுகம் முதலியவற்றைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, 1834இல் 'சிலோன் கசற்றியர்' என்னும் ஆங்கில நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியானார். பின்னர்ச் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் விளங்கினார். பதவி உயர்ந்தபோதும் எழுதுகோல் ஓயவில்லை. தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து, 'தமிழ் புளூட்டாக்' என 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மறு ஆண்டே காலமானார். 1886இல் ஆணல்ட் சதாசிவம்பிள்ளை வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபக'த்துக்கு அவர்தம் நூல் வழிகாட்டியாயிற்று.

மாணவர்காள்! நாளை நீவிர் பெறும் முதல் உத்தியோகம் உம் தகுதிக்குச் சிறிதாகத் தோன்றலாம். குறைபட்டுக் காலங்கழிப்போருக்கு ஊதியம் ஒன்றே மிஞ்சும். கையிலுள்ள வேலையை விருப்புடன் நோக்குவோருக்கோ அதனுள்ளேயே அறிவின் வாயில் திறக்கும். அவர் வகித்த பதவிகளை இன்று நினைப்பார் சிலரே. ஓய்வு நேரத்தில் அவர் ஆக்கிய நூல்களோ இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகின்றன.