நம்பாத கணவரோடு வாழ்ந்த புனித மொனிக்கா

மனைவி திருப்பலிக்குச் செல்ல, கணவர் ஆலய வாசலோடு நின்றுவிடும் குடும்பங்களை நீங்கள் அறிவீர்கள். ஆகஸ்ட் 27ஆம் நாள் நாம் நினைவுகூரும் புனித மொனிக்காவின் இல்லமும் ஏறத்தாழ அத்தகையதே.

இன்றைய அல்ஜீரியாவில் அமைந்த தகாஸ்தே நகரில், 4ஆம் நூற்றாண்டில் அவர் வாழ்ந்தார். கணவர் பத்ரீசியுஸ் கிறிஸ்தவர் அல்லர். அன்புள்ளவர், ஆயினும் கடுஞ்சினத்தவர். மணவுறவிலும் உண்மையாய் இருந்தவர் அல்லர். மாமியாரோ பணிப்பெண்களின் கோளைக் கேட்டுத் தொடக்கத்தில் மருமகளை வெறுத்தார். மொனிக்காவின் பொறுமை அவர் மனத்தை மாற்றியது. கணவர் சினந்த வேளையில் மொனிக்கா மறுத்துப் பேசுவதில்லை. சினம் தணிந்தபின் தம் நியாயத்தை எடுத்துரைப்பார். அடிபடும் பெண் வாய்மூடியிருக்க வேண்டும் என்பதற்கு இதனை எவரும் சான்றாகக் காட்ட வேண்டாம். பத்ரீசியுஸ் மனைவியை அடித்ததாக ஊரார் கேள்விப்பட்டதேயில்லை.

பத்ரீசியுஸுக்கும் நாம் நீதி செய்ய வேண்டும். அவ்வீட்டில் விசுவாசமற்றிருந்தவர் அவர் ஒருவரே. எனினும் பிள்ளைகளைக் கிறிஸ்துவின்பால் வழிநடத்தும் தாயின் உரிமையில் அவர் கைவைக்கவில்லை. மூத்தோர் போற்றும் அகுஸ்தீனாரின் உயர்கல்விக்காகத் தம் வசதிக்கு மீறியும் செலவிட்டார்.

வாழ்நாளின் இறுதியில் பத்ரீசியுஸ் கிறிஸ்தவரானார். 371ஆம் ஆண்டளவில் மரித்தார். அவரருகே தம்மையும் அடக்கம் செய்ய வேண்டுமென விரும்பி, மொனிக்கா முன்னரே கல்லறை ஆயத்தம் செய்திருந்தார். ஆயினும் 387இல், தாயகம் திரும்பும் வழியில், உரோமைக்கு அருகிலுள்ள ஒஸ்தியாவில் நோயுற்றார். உடலை எங்கேனும் அடக்கம் செய்யுமாறும், ஆண்டவரின் பீடத்தில் தம்மை நினைவுகூருமாறும் மட்டுமே புதல்வரிடம் வேண்டினார். ஒஸ்தியாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.