பிரெஞ்சுக்காரரின் பீதி!

அந்தி வேளை. அறைக்குள் சென்ற இளைஞரை இனந்தெரியாத பீதி பற்றிக்கொண்டது. பைத்திய ஆஸ்பத்திரியில் எப்போதோ கண்ட நோயாளியின் உருவம் மனக்கண்முன் எழுந்தது. நாமும் இப்படி ஆகிவிடலாமே என்று கதிகலங்கினார். பல மாதங்கள் இருட்டில் தனியே செல்லவே அஞ்சினார். பைபிள் வாசகங்களைப் பற்றிக்கொண்டுதான் சித்தம் கலங்காமல் தப்பினார்.

அவர்தான் அமெரிக்க மனோதத்துவ மேதை வில்லியம் ஜேம்ஸ். 1842-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1869-ல் ஹார்வர்டில் வைத்தியப் பட்டம் பெற்றவர். கற்ற வைத்தியம் அவருடைய மனச்சோர்வைத் தீர்க்கவில்லை. 1870-ல் பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியர் ரெனூவியேயின் நூலைப் படித்தார். மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு என்று நம்பத் தீர்மானித்தார். மெல்ல மெல்லத் தேறினார்.

1901, 1902-ம் ஆண்டுகளில் எடின்பரோவில் சமய அனுபவங்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். உள்ளம் உடைந்து, புது மனிதராக எழுந்த பலரின் வரலாறுகளை எடுத்துரைத்தார். 1902-ல் வெளியான அந்நூலில் இந்தப் பீதிக் கதையும் உண்டு. ஆனால், அதை யாரோ ஒரு பிரெஞ்சுக்காரரின் அனுபவம் என்று எழுதிவிட்டார்! நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரிடம் 1904-ல் உண்மையை ஒப்புக்கொண்டார்.

1910-ல் ஜேம்ஸ் மறைந்தார். ஆன்மிக அனுபவத்தை அது விளைவிக்கும் பலனைக் கொண்டே மதிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அவரை நடுங்கவைத்த அந்த அந்திவேளையின் பலன், பிறர் துயரைப் பரிகசிக்காமல் ஆராய்ந்த ஓர் அரிய நூல்!