பாஸ் பண்ணிட்டார்... ஆனா 'ஏஜ் ஓவர்'!

1869, லண்டன். ஐ.சி.எஸ் ரிசல்ட் வந்துடுச்சு. அதுவரை அந்தத் தேர்வில் ஜெயித்த இந்தியர் ஒரே ஒருத்தர்தான், சத்யேந்திரநாத் தாகூர். இந்த முறை ஒரே வருஷத்தில் நான்கு இந்தியர்கள். அதில் ஒருத்தர் கல்கத்தாக்காரர் சுரேந்திரநாத் பானர்ஜி. வயது 20.

கொண்டாட்டம் ரொம்ப நாள் நீடிக்கல. 21 வயது தாண்டிவிட்டது, தேர்ச்சி செல்லாது என்று பட்டியலில் இருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

குழப்பம் எங்கே வந்ததுன்னு நமக்கு ஈஸியா புரியும். நம்ம வீட்டுப் பாட்டிகிட்ட பேரன் வயசைக் கேட்டா, '16 நடக்குது'ம்பாங்க. பையனுக்கு முடிஞ்சது 15-தான். வங்காளத்திலும் அதே கணக்குதான். 1848 நவம்பரில் பிறந்த சுரேந்திரநாத், 1863-ல் மெட்ரிகுலேஷன் எழுதும்போது வயது 16 என்று கொடுத்திருந்தார். லண்டன் அதிகாரிகள் அதை '16 முடிந்தது' என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தேர்வுக்காக அவர் எவ்வளவு தூரம் வந்திருந்தார் என்பதையும் பார்க்கணும். அப்போ ஐ.சி.எஸ்-க்கு ஒரே எக்ஸாம் சென்டர், லண்டன்! கப்பல் செலவு, தங்கும் செலவு எல்லாம் கைக்காசு. கடல் தாண்டினால் சாதி போச்சு என்று ஊர் ஒதுக்கிவைக்கும். 1868 மார்ச்சில் ரமேஷ் சந்திர தத், பிகாரி லால் குப்தா என்ற இரண்டு நண்பர்களோடு கிளம்பினார். நண்பர்கள் இருவரும் வீட்டுக்குத் தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாக வந்தவர்கள். சுரேந்திரநாத்துக்கு டாக்டரான அப்பாவின் ஆதரவு இருந்தது. அம்மாவிடம்தான் கிளம்பும் நேரம் வரைக்கும் மறைத்துவைத்திருந்தார்கள். லத்தீனையும் கிரேக்கத்தையும் சின்ன வயசிலிருந்தே படித்த இங்கிலாந்துப் பையன்களோடு போட்டி போட்டு ஜெயித்த பிறகுதான் இந்த 'ஏஜ் ஓவர்'.

அவர் மூட்டை கட்டவில்லை, கேஸ் போட்டார். வங்காளத்தில் வயதை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று கல்கத்தாவில் இருந்து சாட்சியப் பத்திரங்கள் வந்தன. நீதிமன்றம் அவர் பக்கம் நிற்க, பெயர் மறுபடி பட்டியலில் ஏறியது. ஆனால், அவர் லண்டனில் இருந்தபோதே, 1870-ல், அப்பா இறந்துபோனார். படிக்க வேண்டிய காலத்தில் பெரும்பகுதி வழக்கிலேயே கரைந்திருந்தது. அப்படியும், 1871-ல் கூட வந்த நண்பர்களோடேயே இறுதித் தேர்வை முடித்து ஊர் திரும்பினார்.

இத்தோட கதை சுபம்னு நினைச்சா இல்லை. இன்றைய பங்களாதேஷில் இருக்கும் சில்ஹெட்டில் போஸ்டிங். ஒரு சின்னத் திருட்டு வழக்கின் ஆவணத்தில் குற்றம்சாட்டப்பட்டவர் தலைமறைவு என்று தவறாகப் பதிவாகியிருந்தது. அதில் அவர் கையெழுத்து. வெள்ளைக்கார அதிகாரி செய்திருந்தால் கண்டிப்போடு முடிந்திருக்கும் என்பதுதான் அன்றைய பொதுப் பேச்சு. இவருக்கோ 1874-ல் வேலையே போனது. மாதம் 50 ரூபாய் கருணைத் தொகை, அவ்வளவுதான். லண்டன் போய் முறையிட்டார், பலனில்லை. சரி, பாரிஸ்டர் ஆகலாம் என்றால், பதவிநீக்கம் செய்யப்பட்டவர் என்று அந்தக் கதவையும் சாத்தினார்கள்.

வயது 26. கையில் வேலை இல்லை. லண்டனிலேயே ஏறக்குறைய ஒரு வருஷம் உட்கார்ந்து, எந்த சிலபஸும் இல்லாமல் படித்தார். பர்க், மாஜினி என்று அரசியல் புத்தகங்களாக. என்னைக் கேட்டால், ஐ.சி.எஸ்-க்குப் படித்ததைவிட இதுதான் அவரை உருவாக்கிய படிப்பு.

கல்கத்தா திரும்பியவருக்கு ஈஸ்வர் சந்திர வித்யாசாகர் தன் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர் வேலை கொடுத்தார். 1876 ஜூலை 26-ல் இந்தியன் அசோசியேஷன் தொடங்கியது. அன்று காலைதான் அவருடைய சின்ன மகன் இறந்திருந்தான். மாலைக் கூட்டத்துக்கு வந்து பேசினார். அதை எப்படிப் புரிந்துகொள்வதென்று எனக்கு இன்னும் தெரியல.

அதே காலகட்டத்தில் லண்டனில் இருந்து இன்னொரு குண்டு. ஐ.சி.எஸ் வயது வரம்பை 21-லிருந்து 19 ஆகக் குறைத்தார்கள். 19 வயசுக்குள்ள காலேஜ் முடிச்சு, கப்பல் ஏறி, லண்டனில் தயாராகி எழுத எத்தனை இந்தியப் பையன்களால் முடியும்? இந்தியர் யாருக்கும் வராதேன்னு வாய்விட்டுச் சொல்லாமல் சொன்ன மாதிரிதான். தன் வயதுக் கணக்கால் அடிபட்டவருக்கு இது நல்லாவே புரிந்தது. 1877-ல் ரயிலேறினார். ஆக்ரா, டெல்லி, அமிர்தசரஸ், லாகூர் என்று ஊர் ஊராகக் கூட்டம். அடுத்து பம்பாய், மதராஸ் மாகாணங்கள். கோரிக்கை இரண்டுதான்: வயது வரம்பை ஏற்று, தேர்வை இந்தியாவிலும் நடத்து. ஒரு நுழைவுத் தேர்வின் விதிமுறைக்காக நாடு முழுக்க ஒரே குரலில் மனு எழுதியது. காங்கிரஸ் பிறக்க அப்போது இன்னும் எட்டு வருஷம் இருந்தது.

1892-ல் வயது வரம்பு 23 ஆனது. சென்டருக்குத்தான் ரொம்பக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1922-ல் அலகாபாத்தில் முதன்முதலாக இந்திய மண்ணில் ஐ.சி.எஸ் தேர்வு நடந்தபோது, சுரேந்திரநாத்துக்கு வயது 73. அப்போது அவர் 'சர்' பட்டம் பெற்ற வங்காள அமைச்சர். காந்தி காலத்து இளைஞர்களுக்கு அவர் ஒரு பழைய ஆள். 1923 தேர்தலில் பிதான் சந்திர ராய் என்ற டாக்டரிடம் தோற்றார். 1925 ஆகஸ்ட்டில் காலமானார். அடுத்த வருடம், 1926 அக்டோபர் 1 அன்று, இந்தியாவின் முதல் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் வேலையைத் தொடங்கியது. இன்று நீங்கள் அப்ளிகேஷன் போடும் யூ.பி.எஸ்.சி அதன் வாரிசுதான்.